மண்ணெண்ணெய் குடித்த மோட்டார் வண்டி

பழைய வீடொன்றை வாங்க விரும்புபவர் சுவரையும் கூரையையும் மட்டும் பார்த்து உறுதி முடித்துவிடுவதில்லை. கிணற்று நீர் கோடையில் வற்றுமா, மாரி வெள்ளம் எப்பக்கத்தால் வடியும், முன்னர் அவ்வீட்டிற் குடியிருந்தோர் எவர், எதனால் விட்டுப் போயினர் என்றெல்லாம் அயலாரிடம் விசாரித்தறிந்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்பர். ஆனால், பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்கும்போது மட்டும் நம்மிற் பெரும்பாலோர் இந்த விவேகத்தைக் கைவிட்டுவிடுகிறோம். வர்ணம் மங்கியிருக்கிறதா, ரயர் தேய்ந்திருக்கிறதா, விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்பவற்றோடு நமது ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. அவ்வண்டி எக்காலத்தில் எத்தகைய எரிபொருளில் ஓடியது, யார் யார் கைகளால் என்னென்ன மாற்றங்களைப் பெற்றது என்று கேட்பவர் அரியர்.

நானும் கேட்கவில்லை. அதனால் நான் இழந்தது ஐந்து மாதங்களும், கையிலிருந்த சேமிப்பிற் பெரும்பகுதியுமாகும். அவற்றினும் பெரியதோர் இழப்பு மயிரிழையில் விலகிப் போயிற்று. அவ்வனுபவத்திலே கற்றுக்கொண்டவை பழைய வண்டி வைத்திருப்போருக்கும், எஞ்சின்களில் ஆர்வங்கொண்ட மாணவர்களுக்கும் பயன்படுமென எண்ணி இதனை எழுதுகிறேன்.

வண்டி வந்த வரலாறு

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே நீங்கியதும் யாவரும் அறிந்தவையே. இடைப்பட்ட ஆண்டுகளிலே பழைய வண்டிகளின் விலை பன்மடங்காக ஏறியது. பத்து வயதுடைய யப்பானியக் காரைப் பற்றி ஆசிரியச் சம்பளத்தில் வாழும் ஒருவன் எண்ணவும் இயலாத நிலை. எனக்கோ வண்டியொன்று இன்றியமையாததாயிற்று. வடமராட்சியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து மாதந்தோறும் யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்குச் செல்லவேண்டியவராக என் தாயார் இருந்தார். எழுபத்து நான்கு வயதில், முழங்கால் நோவுடன், பஸ் வண்டியின் படியேறுவது அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தது.

இந்நிலையிலே, 2023ஆம் ஆண்டில், வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று விலைக்கு உண்டெனக் கேள்வியுற்றுச் சென்றேன். வயோதிபரான உரிமையாளர் அன்று வீட்டில் இல்லை. அவருடைய மகனே வண்டியைக் காட்டினார். சாம்பல் நிற வண்டி, துருவில்லை. விலையும் என் கைக்கு எட்டுவதாயிருந்தது. அன்றே பேசி முடித்துவிட்டேன்.

மொறிஸ் மைனரைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சிறிது கூறுதல் தகும். அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. பத்து இலட்சம் என்னும் தொகையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. உற்பத்தி நின்ற 1970களின் தொடக்கத்திற்குள் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. என் வண்டியில் இருந்தது 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய, நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சின். அமைப்பில் எளிமையானது, சாவிகள் சிலவும் பொறுமையும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே திருத்தத்தக்கது. பொறுமைதான் என்னிடம் குறைவாக இருந்தது.

நான்கு நோய்கள்

வாங்கிய முதல் வாரத்திலேயே வண்டியின் நோய்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. முதலாவது, புகைக்குழாயிலிருந்து கரும்புகை வந்தது. லீற்றர் பெற்றோலுக்கு ஏழு கிலோமீற்றருக்கு மேல் ஓடவில்லை. இரண்டாவது, இழுவைச் சக்தி இல்லை. சைக்கிளில் வந்த மாணவர்களை முந்துவதற்கே சிரமப்பட்டது. மூன்றாவது, எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியது. நான்காவதே கொடியது. இருபது கிலோமீற்றர் அளவில் ஓடியதும் இருமி இருமி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நிகழாததுபோல மீண்டும் புறப்படும்.

அயலிலிருந்த இளம் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் திறமைசாலி, ஆயினும் கணினி பூட்டிய புதிய வண்டிகளிலே பழகியவர். சூடேறியபின் நிற்பது கொயிலின் குற்றமாக இருக்கலாம் என்றார். அது நியாயமான ஐயமே. சூட்டிலே கெட்டுப்போகும் கொயிலும் கொண்டென்சரும் இவ்வாறே வண்டியை நிறுத்துவதுண்டு. நானோ அவசரப்பட்டேன். கொயில், கொண்டென்சர், நான்கு பிளக்குகள், காபரேற்றரின் உட்பாகங்கள் ஆகிய யாவற்றையும் ஒரே சனிக்கிழமையில் மாற்றச் சொன்னேன். கரும்புகையைக் குறைப்பதற்காகக் காபரேற்றரின் கலவைத் திருகியையும் திருப்பச் செய்தேன். புகை குறைந்தது, ஆனால் காலால் அழுத்தியதும் வண்டி திணறத் தொடங்கியது. பழைய நோய்கள் நான்குடன் ஐந்தாவதும் சேர்ந்தது. எந்த மாற்றத்தினால் எது நேர்ந்தது என்று சொல்ல எவராலும் இயலவில்லை.

நான் விஞ்ஞானம் கற்பிப்பவன். "ஒரு பரிசோதனையில் ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்று, ஏனையவற்றை மாறாமல் வைத்திரு" என்று ஆண்டுதோறும் ஆய்வுகூடத்தில் முழங்குபவன். என் சொந்த முற்றத்திலே அந்த விதியை மறந்தேன்.

வல்லை வெளியில் ஒரு நண்பகல்

பங்குனி மாதத்து நண்பகல் ஒன்றில், கிளினிக் முடிந்து தாயாருடன் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் வல்லை வெளியை அறியாதார் யார்? கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வெட்டவெளி. ஒதுங்க ஒரு மரநிழல் இல்லை. சரியாக அவ்விடத்திலே வண்டி இருமி நின்றது. தகரக் கூரையின் கீழ்த் தாயார் வியர்வையில் நனைந்து, வாய் பேசாமல் அமர்ந்திருந்தார். இரக்கமுள்ள ஓட்டோச் சாரதி ஒருவர் அவரை ஏற்றிச்சென்று வீட்டிற் சேர்த்தார். கூலி கேட்கவும் இல்லை.

தனியே நின்ற நான் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். மொறிஸ் மைனரில் எரிபொருளை இழுத்துக் கொடுப்பது மின்சாரத்தால் இயங்கும் சிறு பம்பு ஆகும். நல்ல நிலையில் அது சாவி திருப்பியதும் சில முறை "டிக், டிக்" என்று அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். அன்றோ அது தையல் இயந்திரம்போல விடாது படபடவென அடித்துக்கொண்டிருந்தது. பெற்றோல் மணமும் இலேசாக வீசியது. அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால், தாயாரை அவ்வண்டியில் ஏற்றியதற்காக அவ்விடத்திலேயே நடுங்கியிருப்பேன்.

ஒழுங்கு முறையான ஆராய்ச்சி

அன்றிரவு பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றை எடுத்து, இதுவரை செய்தவை யாவற்றையும் எழுதினேன். உயர்தர வகுப்பிலே தொழினுட்பம் பயிலும் மாணவன் ஒருவன் உதவிக்கு வர இசைந்தான். இருவரும் ஒரு வரன்முறையை வகுத்துக்கொண்டோம். முதலில் எஞ்சினின் உடல், அடுத்து தீப்பொறி, அதன்பின் தீப்பொறியின் நேரம், இறுதியாகவே எரிபொருள் என்பது அதன் ஒழுங்கு. காபரேற்றரைக் கடைசிக்கு ஒத்திவைத்ததற்குக் காரணம் உண்டு. திருப்புவதற்கு எளிதான திருகி அங்கேதான் இருப்பதனால், எல்லோரும் முதலில் அதையே திருப்புகிறார்கள். வேறிடத்துக் குற்றத்தைக் காபரேற்றரால் மறைக்க முற்பட்டால் குற்றம் இரண்டாகும்.

முதற்படி அமுக்கப் பரிசோதனை. பிளக்குகள் நான்கையும் கழற்றி, அமுக்கமானியை ஒவ்வொரு துளையிலும் பொருத்தி, எஞ்சினைச் சுழற்றினோம். நான்கு சிலிண்டர்களும் சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தலை ஒட்டியே காட்டின. எதிர்பார்த்ததிலும் குறைவு, ஆனால் நான்கும் சமம். இச்சமநிலையே முக்கியமான சாட்சியாகும். ஒரு வால்வு எரிந்திருந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருக்கும். பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்திருந்தால், துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டதும் அமுக்கம் நன்றாக உயரும். இங்கு அவ்வாறு உயரவில்லை. ஆகவே, ஏதோ ஒன்று நான்கு சிலிண்டர்களையும் ஒரேயளவாகத் தாழ்த்தியிருக்கிறது.

இரண்டாவதாக வால்வு இடைவெளி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது அங்குலத்தில் ஆயிரத்திற் 12 பங்கு, அதாவது 0.30 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். இரண்டு வால்வுகள் இறுக்கமாக இருந்தன, சரிசெய்தோம். மூன்றாவதாகத் தீப்பொறி. பொயின்ற் இடைவெளி ஆயிரத்தில் 15 பங்கும், பிளக் இடைவெளி ஆயிரத்தில் 25 பங்கும் இருக்கச் செய்தோம். பொறி நீலநிறமாகத் துள்ளி எழுந்தது. தீப்பொறியிற் குறையில்லை.

நான்காவது, தீப்பொறியின் நேரம். பிஸ்ரன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி எழ வேண்டும். எரிதல் பரவுவதற்குச் சிறிது அவகாசம் தேவை. கப்பியிலுள்ள வெட்டையும் மூடியிலுள்ள முனைகளையும் வைத்து, பொயின்ற் திறக்கும் கணத்தில் எரியும் சிறு மின்குமிழ் ஒன்றின் துணையுடன் பார்த்தோம். எங்கள் எஞ்சினிலோ பிஸ்ரன் உச்சியைக் கடந்து கீழிறங்கத் தொடங்கிய பின்னரே பொறி எழுந்தது! இழுவைச் சக்தி இன்மைக்கும் மிகுந்த சூட்டுக்கும் காரணம் புலப்பட்டது. தாமதித்து எரியும் கலவை, பிஸ்ரனைத் தள்ளி முடியுமுன்பே புகைவால்வு திறந்துவிட, எரிந்தபடியே வெளியேறிப் புகைக்குழாயைச் சுடாக்குகிறது. உழைக்கவேண்டிய வெப்பம் வீணே குழாயில் இறங்குகிறது.

"சேர், இது தானாக விலகின மாதிரித் தெரியேல்லை. ஆரோ வேணுமெண்டு வைச்சிருக்கினம்," என்றான் மாணவன். டிஸ்ரிபியூற்றரை இறுக்கும் ஆணியில் வர்ணத்தாற் கோடிட்டு அடையாளம் வைக்கப்பட்டிருந்ததை அவன் காட்டினான். அக்கோடு எங்கள் ஆராய்ச்சியின் திசையையே மாற்றியது. அதுவரை எது பழுது என்று தேடியவர்கள், அதன்பின் எது மாற்றப்பட்டது என்று தேடலானோம்.

மறைந்திருந்த மாற்றங்கள்

எஞ்சின் இலக்கத்தைத் துடைத்துப் பார்த்தோம். அதில் "எச்" என்னும் எழுத்து இருந்தது. உயர் அமுக்க எஞ்சின் என்பதற்குத் தொழிற்சாலையார் இட்ட அடையாளம் அது. அவ்வகையின் அமுக்க விகிதம் 8.3க்கு 1. அத்தகைய எஞ்சின் ஏன் இவ்வளவு தாழ்ந்த அமுக்கம் காட்டுகிறது? சிலிண்டர்த் தலைக்கும் கீழுடலுக்கும் இடையிலே விளக்குப் பிடித்துப் பார்த்தபோது, ஒரு காஸ்கெற்றுக்குப் பதிலாக இரண்டின் ஓரங்கள் தெரிந்தன. கணக்கிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சிலிண்டரும் 237 கன சென்ரிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள மேலதிக காஸ்கெற் ஒன்று எரியறையில் ஏறக்குறைய 3 கன சென்ரிமீற்றரைக் கூட்டும். விகிதம் 8.3இலிருந்து 7.7 அளவுக்கு இறங்கும். மிகுதிக்கு வயதும் தேய்வும் காரணமாகலாம்.

காபரேற்றரின் பிஸ்ரனைக் கழற்றியபோது, கலவையின் அளவைத் தீர்மானிக்கும் ஊசி அரத்தாள் கொண்டு தேய்த்து மெலிதாக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஊசி மெலிந்தால் அதனைச் சுற்றிச் செல்லும் எரிபொருள் மிகும். பெற்றோலில் ஓடும்போது கரும்புகை எழும். தகட்டுச் சுவரிலே, எதனுடனும் இணைக்கப்படாத சிறிய பித்தளைத் திருகுகுழாய் ஒன்றும் இருந்தது. இதன் பயன் எங்களுக்கு விளங்கவில்லை.

ஐந்தாம் படியாக எரிபொருட் குழாயைத் தாங்கியிலிருந்து தொடர்ந்து வந்தோம். மாணவன் வண்டியின் கீழே படுத்திருந்தான். "சேர், குழாய் ஏன் இந்த வழியாலை போகுது?" என்றான். நானும் குனிந்து பார்த்தேன். பம்பை நோக்கி வந்த செப்புக் குழாய், நேரே செல்லாமல், புகைக்குழாயைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மேலேறியது. மேலே சாக்கு நார் சுற்றிக் களிமண் பூசியதுபோலக் கருகிய ஒரு படை. அதனாலேயே இதுவரை எவர் கண்ணிலும் படவில்லை.

வல்லை வெளியிலே படபடத்த பம்பின் பொருள் அப்பொழுதுதான் விளங்கியது. பெற்றோல் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாகத் தொடங்கும். புகைக்குழாயோ அதனினும் பன்மடங்கு சூடானது. வெகுதூரம் ஓடியதும் குழாயினுள் பெற்றோல் கொதித்து ஆவியாகிவிட, பம்பு திரவத்துக்குப் பதிலாக ஆவியையே இழுத்து வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது. தாமதித்த தீப்பொறி புகைக்குழாயை மேலும் சூடாக்கி இக்கேட்டை விரைவுபடுத்தியது. தனித்தனி நோய்கள் என எண்ணியவை ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருந்தன.

அதற்கும் மேலான ஆபத்து ஒன்று இருந்தது. அதிர்வினாற் செப்புக் குழாய் நாளடைவில் இறுகி வெடிக்கும் இயல்புடையது. புகைக்குழாயின் அருகேயிருந்த இணைப்பு ஈரமாயிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன், பெற்றோல். என் தாயார் மாதந்தோறும் அமர்ந்து சென்றது இதன் மேலேதான். மாணவன் முன்னிலையில் நான் ஒன்றும் பேசவில்லை. பற்றறியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, இதனைச் செய்தவர் எவரோ அறிவிலி என மனத்தினுள் வைதேன்.

முதியவர் சொன்னது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிற்றூருக்குச் சென்றேன். நியாயம் கேட்கவே சென்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இம்முறை முதியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். எண்பதைக் கடந்தவர்; நாற்பது ஆண்டுகள் ஹயர் கார் ஓட்டியவர். செப்புக் குழாயைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"அதை இன்னும் கழட்டேல்லையே? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன் தம்பி. விக்கேக்கை நான் ஆசுப்பத்திரியிலை. மகனுக்கு உதுகள் தெரியாது," என்றார். பின்னர் ஒவ்வொன்றாக விளக்கினார்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மறைவாகக் கிடைத்ததும் போத்தற் கணக்கில், கொழும்பு விலையிலும் பன்மடங்கு விலைக்கு விற்றது. மின்சாரமும் இல்லை. நான் அக்காலத்திலே சிறுவன். குப்பி விளக்கின் முன்னிருந்து படித்தவன். அவ்விளக்கில் எரிந்த மண்ணெண்ணெயே வீதியில் ஓடிய மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் கார்களையும் இயக்கியது. கண்ணை எரிக்கும் அப்புகையின் மணத்தை என் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள்.

பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றினால் அப்படியே ஓடிவிடாது. அதன் ஒக்ரேன் எண் மிகத் தாழ்ந்தது. உயர் அமுக்கத்தில் கட்டுமீறி வெடித்துப் பிஸ்ரனைத் தாக்கும். ஆகவே இரண்டாவது காஸ்கெற் இட்டு அமுக்கத்தைக் குறைத்தார், தீப்பொறியைத் தாமதப்படுத்தினார். மண்ணெண்ணெய் பெற்றோலிலும் தடிப்பானது. துளையால் இலகுவில் இறங்காது. ஆகவே ஊசியைத் தேய்த்தார். 150 பாகையளவிற் சூடேறினாலன்றி அது ஆவியாகத் தொடங்காது. ஆகவே குழாயைப் புகைக்குழாயிற் சுற்றினார். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர் பெறாது. ஆகவே சிறு தகரத்தில் பெற்றோல் வைத்து, பித்தளைத் திருகுகுழாயால் அதனைத் திறந்து ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கசிந்து எஞ்சின் எண்ணெயை நீராக்கிவிடும் என்பதையும் அறிந்து, அடிக்கடி எண்ணெய் மாற்றினார்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வியப்பாயிருந்தது. 1949ஆம் ஆண்டில் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திரத்தின் மண்ணெண்ணெய் வகையில் பொறியியலாளர் செய்தவையும் இவையே: தாழ்ந்த அமுக்கம், சூடாக்கும் அமைப்பு, பெற்றோலில் தொடக்கிப் பின் மாற்றுதல். தொழிற்சாலையில் வகுத்ததை இவர் வேப்பமர நிழலிலே, தம் அனுபவத்தால், கைக்கெட்டிய செப்புக் குழாயைக் கொண்டு செய்திருந்தார்.

"அந்தக் காலத்திலை காரை நிப்பாட்டப் பயம் தம்பி. பிள்ளைப்பெறுவுக்கு ஆக்களைக் கொண்டுபோனாலும் ஆசுப்பத்திரி வாசலிலை ஸ்ராட்டிலைதான் நிக்கும். நிண்டுதெண்டால் திருப்பிப் பெற்றோல் வேணும். அதுக்கு எங்கை போறது?"

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அவருடைய வண்டியும் அந்தக் கூட்டத்தில் ஊர்ந்தது. மழை. ஓரடி வைத்து ஒரு நாழிகை நிற்கவேண்டிய நெரிசல். வண்டிக்குள் நடக்க இயலாத முதியோரும் குழந்தைகளுமாக ஒன்பது பேர். விடியும்வரை எஞ்சினை அவர் நிறுத்தவில்லை. "அந்தக் குழாய் சூடாயிருந்தபடியாத்தான் அண்டைக்கு அது நிக்கேல்லை," என்றார்.

நான் கேட்கவந்த நியாயம் என் நாவிலேயே நின்றுவிட்டது. அறிவிலி என்று வைதது நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் ஒன்பது பேரைக் காத்த குழாயே, எரிபொருள் மாறியதும் என் தாயாருக்கு எமனாக இருந்தது. 2002ஆம் ஆண்டு ஏப்பிரலில் கண்டி வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபின், வண்டி கோயிலுக்கும் கலியாண வீட்டுக்குமாக ஊருக்குள் நாலைந்து மைல் மட்டுமே ஓடியிருக்கிறது. குழாய் கொதிநிலை அடையுமுன் வீடு திரும்பிவிடும். ஆகவே, அவற்றை மாற்றவேண்டிய தேவை அவருக்குத் தோன்றவில்லை. நெடுந்தூரம் ஓட்டத் தொடங்கியவன் நானே.

ஒவ்வொன்றாக மீட்டது

வீடு திரும்பிய பின், ஒரு வாரத்துக்கு ஒன்று என்ற ஒழுங்கில் மாற்றங்களை நீக்கினோம். ஒவ்வொன்றின் பின்பும் ஓட்டிப் பார்த்துக் கொப்பியில் எழுதினோம். முதலில் செப்புக் குழாயை அகற்றிப் புகைக்குழாய்க்கு எட்டாத வழியில் புதிய குழாய் இட்டோம். நடுவழியில் நிற்பது அன்றோடு ஒழிந்தது. இரண்டாம் வாரம் தீப்பொறியை முன்கொணர்ந்தோம். சூடு தணிந்து இழுவை திரும்பியது. மூன்றாம் வாரம் உரிய அளவுடைய புதிய ஊசி. அதன்பின்னரே காபரேற்றரைச் செம்மை செய்தோம்.

அதற்குரிய எளிய சோதனையை வாசகர்கள் அறிந்துவைத்தல் நன்று. எஞ்சின் சூடாக, மெதுவாக ஓடும்போது காபரேற்றரின் பிஸ்ரனை ஊசி முனையளவு, அங்குலத்தில் முப்பத்திரண்டிலொரு பங்கு, உயர்த்த வேண்டும். ஓட்டம் விரைந்து அவ்வாறே நின்றால் எரிபொருள் மிகை. ஓட்டம் விழுந்து அணைந்தால் குறை. கணநேரம் சற்று விரைந்து பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி. காபரேற்றரின் மேற்குவளையில் இலேசான எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். எங்கள் வண்டியில் அது முற்றாக வற்றியிருந்தது. அழுத்தியதும் திணறியதற்கு அதுவும் ஒரு காரணம். சில நாள் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே சான்று கூறும். உலர்ந்த கரியாயின் மிகை, வெளுத்திருந்தால் குறை, பால் விட்ட தேநீரின் நிறமாயின் நலம்.

நான்காவதாகச் சிலிண்டர்த் தலையைக் கழற்றி, வால்வுகளை அரைத்து, ஒரேயொரு புதிய காஸ்கெற் இட்டோம். அமுக்கம் உயர்ந்தமையால் தீப்பொறி நேரத்தை மீண்டும் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றை மாற்றினால் அதனைச் சார்ந்த மற்றையதையும் பார்த்தல் வேண்டும். இப்போது லீற்றருக்குப் பதின்மூன்று கிலோமீற்றர் ஓடுகிறது. பித்தளைத் திருகுகுழாயை மட்டும் மாணவன் கழற்ற முற்பட்டபோது தடுத்துவிட்டேன். அது எதற்கும் இடையூறில்லை. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

பழைய வண்டியோடு போராடுவோருக்கு என் வேண்டுகோள் இது. சாவியை எடுக்குமுன் கொப்பியை எடுங்கள். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விசித்திரமான மாற்றம் எதையேனும் கண்டால், அதனை இகழ்ந்து கழற்றி எறியுமுன், எந்தத் தேவைக்காக இது செய்யப்பட்டது என்று கேளுங்கள். தேவை தெரிந்தால் திருத்தும் வழியும் தெரியும். செய்தவர் உயிரோடிருந்தால், முதலில் அவர் திண்ணைக்குச் செல்லுங்கள்.

சென்ற கார்த்திகையில் முதியவரை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தேன். வல்லை வெளியைக் கடக்கும்போது அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு எஞ்சினின் ஓசையையே கேட்டுக்கொண்டு வந்தார். பாலம் கடந்ததும், "நல்லாத்தான் பாடுது. ஆனால் தம்பி, அந்த மணம் இல்லாமல் இது என்ரை கார் மாதிரித் தெரியேல்லை," என்று கூறிச் சிரித்தார். பின்னாலிருந்த என் தாயாரும் சிரித்தார்.